பூட்ட மறந்ததும் பூட்டியதை மறந்ததும்

ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் எனக்குப் பிடிக்காத பக்கம் ஒன்று உண்டு. யார் எழுதிய புத்தகமானாலும் எங்கேயாவது வந்துவிடும். இடது பக்கம் ஒரு பட்டியல்: வான்ட், ஹோப், டிசைட், ப்ராமிஸ், ரெஃப்யூஸ், அக்ரீ, ப்ளான். இவற்றுக்குப் பின்னால் 'டு' போட்டு வினைச்சொல் வர வேண்டும். வலது பக்கம் இன்னொரு பட்டியல்: என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், டினை, அட்மிட், மைண்ட், ரிஸ்க். இவற்றுக்குப் பின்னால் 'இங்' ஒட்டிய வடிவம். கீழே மூன்றாவதாக ஒரு கட்டம்: ரிமெம்பர், ஃபர்கெட், ஸ்டாப், ட்ரை, ரிக்ரெட். இவற்றுக்கு இரண்டும் வரும், ஆனால் பொருள் மாறும். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

மனப்பாடம் தேர்வுக்கு உதவும். பேச உட்கார்ந்தால் உதவாது. வாக்கியம் பாதி வாயிலிருந்து வந்துவிட்ட நேரத்தில் எந்தச் சொல் எந்தப் பட்டியலில் இருந்தது என்று யாராலும் தேட முடியாது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் கற்க வருகிற பெரியவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். நல்ல சொல்வளம் உள்ளவர்கள்கூட இந்த இடத்தில் வந்து நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: இந்தப் பட்டியலின் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் தெரியும்.

"கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்." "கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன்." இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் கதவு பூட்டாமல் கிடக்கிறது. இரண்டாவதில் கதவு பூட்டியிருக்கிறது, பூட்டியவருக்குத்தான் நினைவில்லை. தமிழ் பேசும் சிறு குழந்தைகூட இதில் தடுமாறாது. ஆங்கிலத்தில் முதலாவது 'ஃபர்காட் டு லாக்'. இரண்டாவது 'ஃபர்காட் லாக்கிங்'. நம் 'பூட்ட' இருக்கும் இடத்தில் அவர்களுக்கு 'டு'. நம் 'பூட்டியதை' இருக்கும் இடத்தில் அவர்களுக்கு 'இங்'.

ரிமெம்பரும் இப்படியே. 'ஐ ரிமெம்பர்ட் டு டெல் ஹிம்' என்றால் அவரிடம் சொல்ல மறக்கவில்லை, சொல்லிவிட்டேன் என்று பொருள். 'ஐ ரிமெம்பர் டெல்லிங் ஹிம்' என்றால் அவரிடம் சொன்னது நினைவிருக்கிறது. சொல்ல, சொன்னது. ரிக்ரெட்டைப் பாருங்கள். விண்ணப்பத்தை நிராகரித்து வரும் கடிதங்களில் 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று தொடங்குவார்கள். கெட்ட செய்தி இனிமேல்தான் வரப்போகிறது, அதனால் 'டு'. 'ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹெர்' என்றால் சொல்லியாகிவிட்டது, சொன்னதற்காக இப்போது வருந்துகிறேன்.

ஸ்டாப் எல்லாப் புத்தகத்திலும் வரும் உதாரணம். 'ஸ்டாப்ட் டாக்கிங்', பேசுவதை நிறுத்தினாள். 'ஸ்டாப்ட் டு டாக்', பேச நின்றாள். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரை. 'ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ' என்றால் ஜன்னலைத் திறக்க முயன்றேன். திறந்ததோ இல்லையோ தெரியாது, பெரும்பாலும் திறக்கவில்லை. 'ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ' என்றால் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஜன்னல் திறந்துவிட்டது. அதனால் புழுக்கம் குறைந்ததா என்பதுதான் கேள்வி. நம்முடைய 'திறந்து பார்', 'கேட்டுப் பார்', 'எழுதிப் பார்' என்பவற்றில் வரும் 'பார்' கண்ணால் காண்பதைச் சொல்லவில்லை. செய்து, விளைவைச் சோதிப்பதைச் சொல்கிறது. ட்ரையோடு 'இங்' சேரும்போது கிடைக்கும் பொருள் அதேதான். விளக்கம் கேட்டு வருகிறவர்களுக்கு இந்த ஒரு ஜோடியைச் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

இப்போது அந்த இடது வலது பட்டியல்களுக்குப் போவோம். அக்ரீ இடது பக்கம், அட்மிட் வலது பக்கம். ரெஃப்யூஸ் இடது பக்கம், டினை வலது பக்கம். ஏன் அப்படி என்று எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. தமிழில் இவற்றைச் சொல்லிப் பாருங்கள். "வர ஒப்புக்கொண்டான்." "பணத்தை எடுத்ததை ஒப்புக்கொண்டான்." "வர மறுத்தான்." "பணத்தை எடுத்ததை மறுத்தான்." தமிழில் ஒப்புக்கொள் என்ற ஒரே வினையே இரண்டு வேலையும் செய்கிறது, மறு என்பதும் அப்படியே. முன்னால் நிற்பது 'வர'வா 'எடுத்ததை'யா என்பதை வைத்து நாம் பொருளைப் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் இதற்கு நான்கு தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. ஆனாலும் பின்னால் வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம்மைப் போலவேதான் நடக்கிறது. இனி நடக்கப்போவதற்கு இசைந்தால் 'டு'. நடந்து முடிந்ததை ஏற்றால் 'இங்'. இது தெரிந்துவிட்டால் 'அட்மிட்டட் டு ஸ்டீல்' என்று எழுதக் கை வராது. 'திருட ஒப்புக்கொண்டான்' என்று அல்லவா ஆகிவிடும்! அது வேறு கதை.

சரி, இந்தப் பொருத்தம் தற்செயலா? முழுக்கத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தின் 'டு' முதலில் திசையைக் காட்டும் முன்னிடைச்சொல், அதாவது ப்ரிபொசிஷன். 'வென்ட் டு ஸ்கூல்' என்பதில் வரும் அதே 'டு'தான். பழைய ஆங்கிலத்தில் வினையின் சாதாரண எச்ச வடிவம் (இன்ஃபினிடிவ்) 'அன்' என்று முடியும். அதற்கு முன்னால் 'டு' கிடையாது. நோக்கத்தைச் சொல்ல வேண்டியபோது மட்டும் 'டு' வைத்து, வினையின் ஈற்றையும் மாற்றி, நான்காம் வேற்றுமையில் நிற்கும் பெயர்போல ஆக்கினார்கள். நான்காம் வேற்றுமை என்றதுமே நமக்கு 'கு' நினைவுக்கு வரும். 'பார்ப்பதற்குப் போனேன்' என்பதில் வரும் 'கு' செய்வதும் இதே வேலைதான். எதை நோக்கிப் போகிறோமோ அது இன்னும் கைக்கு வரவில்லை. நூற்றாண்டுகள் ஓட ஓட, ஈறுகள் தேய்ந்து, 'டு' வினையோடு ஒட்டிப்போய்விட்டது. ஆனாலும் முன்னோக்கிய அந்தப் பார்வை அதை விட்டுப் போகவில்லை. வான்ட், ஹோப், ப்ளான், டிசைட் எல்லாம் இனி வரப்போவதைப் பேசும் சொற்கள். அவற்றோடு 'டு' சேருவது இயல்பு.

தமிழிலும் நோக்கத்துக்கென்றே தனி எச்சங்கள் இருந்தன. நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளைப் பன்னிரண்டாக அடுக்கி, கடைசி ஆறை எதிர்காலத்துக்கு உரியவை என்கிறது. அந்த ஆறில்தான் வான், பான், பாக்கு வருகின்றன. 'உண்பான் வந்தான்' என்றால் உண்ண வந்தான். நோக்கமும் எதிர்காலமும் ஒன்றாகப் பின்னியிருப்பதை நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ கண்டு எழுதிவைத்துவிட்டார்கள். 'வருவதாக வாக்களித்தான்' என்று இன்று நாம் சொல்லும்போதும், எச்சம் இல்லாவிட்டாலும், எதிர்காலத்தைக் காட்டும் அந்த 'வ்' உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

'இங்' வந்த வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் 'உங்', 'இங்' என்று முடிந்தது தொழிற்பெயர். செய்கையைப் பொருளாக்கிச் சொல்லும் வடிவம். 'எண்டே' என்று முடிந்தது வேறொன்று. செய்துகொண்டிருக்கும் நிலையைக் காட்டும் வடிவம். இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டின் ஈறும் குழம்பி, இரண்டுமே 'இங்' ஆகிவிட்டன. அதனால்தான் ஜெரண்ட் (தொழிற்பெயர்) எது, பார்ட்டிசிபிள் (செய்துகொண்டிருக்கும் நிலை) எது என்று பள்ளிக்கூடங்களில் இன்னும் சண்டை நடக்கிறது. 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் சேர்த்து ஜெரண்ட்-பார்ட்டிசிபிள் என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த முடிவு பிடிக்கும். ஆங்கிலத்தின் வடிவத்தை அது உள்ளபடி சொல்கிறது. ஆனால் தமிழ் பேசுகிற நமக்கு அந்தப் பழைய பிரிவினையும் கைகொடுக்கும், ஏனென்றால் நாம் 'செய்வது' என்பதையும் 'செய்துகொண்டு' என்பதையும் இன்னும் கலக்கவில்லை. 'பாடுவதை ரசித்தேன்' என்பது முதல் வகை. 'படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்' என்பது இரண்டாவது வகை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இங்'.

அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் போலிஞ்சர் 1968இல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாட்டைச் சுருக்கமாகப் பிடித்தார்: 'டு' வடிவம் கருத்தளவில் உள்ளதை, நிகழக்கூடியதைக் காட்டச் சாய்கிறது, 'இங்' வடிவம் நிகழ்ந்ததை, உள்ளதை உள்ளதாகக் காட்டச் சாய்கிறது. சாய்கிறது என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். இது கணக்குச் சூத்திரம் இல்லை. 'மேனேஜ்ட் டு எஸ்கேப்' என்றால் தப்பித்தேவிட்டான், அங்கே 'டு' இருந்தும் காரியம் நடந்திருக்கிறது. 'கன்ஸிடர்', 'ஸஜஸ்ட்', 'அவாய்ட்' ஆகியவற்றில் 'இங்' இருந்தும் எதுவும் நடக்கவில்லை. பின்னவற்றைப் புரிந்துகொள்ள எனக்கு உதவுவது தமிழ்தான்: 'பேசுவதைத் தவிர்த்தேன்' என்கிறோம், 'பேசத் தவிர்த்தேன்' என்று சொல்வதில்லை. தவிர்க்க வேண்டுமானால் தவிர்க்கப்படும் பொருள் ஒன்று முன்னால் இருக்க வேண்டும். செய்கையைப் பொருளாக்கி, 'ஐ' உருபு போட்டு முன்னால் வைக்கிறோம். அதே நேரம் 'பேசத் தவறினேன்' என்று சொல்கிறோம், ஆங்கிலமும் 'ஃபெய்ல்ட் டு ஸ்பீக்' என்கிறது. படித்து முடித்தேன், 'ஃபினிஷ்ட் ரீடிங்'. நீந்தக் கற்றேன், 'லேர்ன்ட் டு ஸ்விம்'. பேசிக்கொண்டே இருந்தார், 'கெப்ட் டாக்கிங்'. நீங்களே தொடர்ந்து சோதித்துப் பார்க்கலாம்.

இனி 'டு' இல்லாமல் வருகிற இடங்கள். மேக், லெட் இரண்டுக்கும், அப்புறம் ஸீ, ஹியர், வாட்ச், ஃபீல் போன்ற புலன் சொற்களுக்கும் பின்னால் வெறும் வினைதான் வரும். 'ஹி மேட் மீ வெய்ட்', 'ஷி லெட் மீ கோ', 'ஐ ஹேர்ட் ஹெர் ஸிங்'. இங்கே 'டு' போடுவது நம்மவர்களிடம் மிகப் பரவலாக உள்ள தவறு. 'மேட் மீ டு வெய்ட்' என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை.

இதற்கும் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 'செய்ய' என்று வரும் இடத்தில் 'செய்வதற்கு' என்று போட்டுப் பாருங்கள். 'தூக்க உதவினான்' என்பதைத் 'தூக்குவதற்கு உதவினான்' என்று மாற்றலாம். 'போக அனுமதித்தார்' என்பதைப் 'போவதற்கு அனுமதித்தார்' என்று மாற்றலாம். ஆனால் 'காத்திருக்க வைத்தார்' என்பதைக் 'காத்திருப்பதற்கு வைத்தார்' என்று மாற்ற முடியுமா? முடியாது. 'அவள் பாடக் கேட்டேன்' என்பதைப் 'பாடுவதற்குக் கேட்டேன்' என்று மாற்றினால் பொருளே போய்விடும். 'போக வேண்டும்' என்பதைப் 'போவதற்கு வேண்டும்' என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் 'மஸ்ட் கோ', அங்கேயும் 'டு' இல்லை. 'கு' நுழைய முடியாத இடத்தில் பெரும்பாலும் 'டு'வும் நுழைவதில்லை. விடு என்ற சொல்லில் இந்தச் சோதனை கொஞ்சம் கசியும், ஏனென்றால் பேச்சில் 'வெளியே போறதுக்கு விடல' என்று சொல்கிறவர்கள் உண்டு. லெட்டைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. லெட் என்றால் 'போக விடு', அலௌ என்றால் 'போவதற்கு அனுமதி'. முன்னதற்கு 'டு' இல்லை, பின்னதற்கு உண்டு.

ஏன் மேக்குக்கு மட்டும் இந்த விதிவிலக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பில், 23ஆம் சங்கீதத்தில், 'ஹி மேக்கத் மீ டு லை டௌன்' என்று 'டு'வோடுதான் வருகிறது. அந்தக் காலத்தில் மேக்கோடு இரண்டு வழக்கும் இருந்தன. செய்வினையில் வெறும் வினை வென்றது. செயப்பாட்டுவினையில் 'டு' தங்கிவிட்டது: 'ஐ வாஸ் மேட் டு வெய்ட்', 'ஹி வாஸ் ஸீன் டு என்டர் த ரூம்'. இங்கே தமிழ் உங்களுக்கு உதவாது. 'காத்திருக்க வைக்கப்பட்டேன்' என்பதில் எச்சம் மாறுவதே இல்லை. லெட்டுக்குச் செயப்பாட்டுவினையே அரிது; 'வாஸ் அலௌட் டு' என்று சொல்லை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஹெல்ப் மட்டும் இன்னும் நடுவில் நிற்கிறது. 'ஹெல்ப்ட் மீ லிஃப்ட்', 'ஹெல்ப்ட் மீ டு லிஃப்ட்' இரண்டும் சரி.

புலன் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எச்சமும் பார்ட்டிசிபிளும் நேருக்கு நேர் மோதுகின்றன. 'ஐ ஸா ஹிம் க்ராஸ் த ரோடு.' 'ஐ ஸா ஹிம் க்ராஸிங் த ரோடு.' இரண்டும் சரியான வாக்கியங்கள். முதல் வாக்கியம் சொல்பவர், அவர் இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது வரை பார்த்திருக்கிறார். இரண்டாவது வாக்கியம் சொல்பவர், அவர் சாலையின் நடுவில் இருந்ததைப் பார்த்திருக்கிறார். போய்ச் சேர்ந்தாரா என்பதற்கு இவர் சாட்சி இல்லை. சாட்சி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். நீதிமன்றத்தில் ஒருவர் எந்த வடிவத்தில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து, அவர் எவ்வளவு பார்த்ததாகச் சொல்கிறார் என்பதே மாறிவிடும்.

இன்னும் கூர்மையான உதாரணம் ஒன்று இருக்கிறது. 'ஐ ஸா ஹிம் ட்ரௌன்' என்றால் அவர் இறந்துவிட்டார். 'ஐ ஸா ஹிம் ட்ரௌனிங்' என்றால் அவர் மூழ்கிக்கொண்டிருந்தார். நான் குதித்துக் காப்பாற்றியிருக்கலாம். தமிழில் 'மூழ்கி இறந்ததைப் பார்த்தேன்', 'மூழ்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்' என்று எச்சத்தை நீட்டித்தான் இதைச் சொல்கிறோம். 'மூழ்குவதைப் பார்த்தேன்' என்றால் இரண்டில் எது என்று தெரியாது. அன்றாடத் தமிழில் இந்த 'செய்வதைப் பார்த்தேன்' வடிவம் மிகவும் தாராளமானது, எல்லாவற்றுக்கும் வந்து நிற்கும். அதனால் நம்மவர்கள் எல்லா இடத்திலும் 'இங்' போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழையாகாது. ஆனால் சொல்ல வந்த செய்தியில் பாதி விழுந்துவிடும். எழுத்துத் தமிழில் 'அவன் வரக் கண்டேன்' என்றும் 'வந்துகொண்டிருக்கக் கண்டேன்' என்றும் இன்னும் எழுதலாம். அவை ஆங்கிலத்தின் இரண்டு வடிவங்களுக்கும் அப்படியே பொருந்தும். வகுப்பில் நான் இவற்றைத்தான் பயன்படுத்துகிறேன். கொஞ்சம் பழைய நடையாகத் தோன்றினாலும் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

கணத்தில் முடிந்துவிடும் செயல்களில் 'இங்' இன்னொரு வேலை செய்யும். 'ஐ ஹேர்ட் ஸம்ஒன் நாக்' என்றால் யாரோ கதவைத் தட்டினார், அவ்வளவுதான். 'ஐ ஹேர்ட் ஸம்ஒன் நாக்கிங்' என்றால் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தட்டுக்கு நடுப்பகுதி கிடையாது, அதனால் தொடர்நிலை என்றால் திரும்பத் திரும்ப என்று பொருளாகிவிடுகிறது. கேட்ச், ஃபைண்ட், லீவ் ஆகிய மூன்றும் வெறும் வினையை ஏற்கவே மாட்டா. 'காட் ஹிம் காப்பியிங்', 'ஃபௌண்ட் ஹெர் க்ரையிங்', 'லெஃப்ட் மீ வெய்ட்டிங்'. பிடிபடுவது எப்போதும் நடுவில்தான் நடக்கும். முழுச் செயலையும் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிடிப்பதற்கு வேறு பெயர்.

இவ்வளவு நேரம் தமிழ்க் காதை நம்பச் சொன்னேன். அது ஏமாற்றும் இடங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 'படிக்க நிறைய நேரம் செலவழித்தேன்.' இதை அப்படியே மாற்றி 'ஸ்பென்ட் டைம் டு ரீட்' என்று எழுதுவார்கள். சரியானது 'ஸ்பென்ட் டைம் ரீடிங்'. 'புரிந்துகொள்ளச் சிரமப்பட்டேன்' என்பது 'ஹேட் டிஃபிகல்ட்டி அண்டர்ஸ்டாண்டிங்' ஆகும். 'நீந்தப் போனோம்' என்பது 'வென்ட் ஸ்விம்மிங்'. 'உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்பது 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. நான்கிலும் தமிழில் 'செய்ய' எச்சம். ஆங்கிலத்தில் 'இங்'.

வகுப்பில் ஒருவர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க மின்னஞ்சல் எழுதுகிறவர், கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "கடைசி வாக்கியத்தில் 'டு' இருக்கிறதே மேடம், அப்புறமும் ஏன் மீட்டிங்?" நியாயமான கேள்வி. பதிலில்தான் இந்தக் கூட்டம் முழுவதின் சாவியும் இருக்கிறது. அந்த 'டு' வினையின் 'டு' இல்லை. பெயருக்கு முன்னால் வரும் முன்னிடைச்சொல். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த மீட்டிங்' என்று பெயரை வைத்துப் பாருங்கள், உட்காரும். முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வினை வந்தால் ஆங்கிலத்தில் அது 'இங்' வடிவத்தில்தான் வரும். மற்ற மூன்றிலும் முன்னிடைச்சொல் இருந்து உதிர்ந்துவிட்டது. 'ஸ்பென்ட் டைம் இன் ரீடிங்', 'டிஃபிகல்ட்டி இன் அண்டர்ஸ்டாண்டிங்' என்று இன்றும் எழுதலாம், 'இன்' விழுந்துபோய் 'இங்' மட்டும் நிற்கிறது. 'கோ ஸ்விம்மிங்' முன்பு 'கோ அ-ஸ்விம்மிங்' என்று இருந்தது. அந்த 'அ' தேய்ந்துபோன 'ஆன்'. ஆக, தமிழ் 'செய்ய' என்று சொல்லி ஆங்கிலம் 'இங்' என்று முரண்டு பிடிக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தோ உதிர்ந்தோ முன்னிடைச்சொல் ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

'யூஸ்ட் டு' இதே வழியில் தெளிவாகிவிடும். 'ஐ யூஸ்ட் டு லிவ் அலோன்', முன்பு தனியாக வாழ்ந்துவந்தேன். 'ஐ அம் யூஸ்ட் டு லிவிங் அலோன்', தனியாக வாழ்வது பழகிவிட்டது. இரண்டாவதில் 'டு' முன்னிடைச்சொல்.

ஸஜஸ்ட் மட்டும் எந்த வழிக்கும் வராது. 'என்னைப் போகச் சொன்னார்' என்று தமிழில் சொல்வதால் 'ஸஜஸ்டட் மீ டு கோ' என்று வந்துவிடுகிறது. டெல், ஆஸ்க், அட்வைஸ் மூன்றுக்கும் அந்த அமைப்பு சரி. ஸஜஸ்ட் ஆளை நடுவில் ஏற்காது. 'ஸஜஸ்டட் கோயிங்' என்றோ 'ஸஜஸ்டட் தட் ஐ கோ' என்றோ சொல்ல வேண்டும். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

பிகின், ஸ்டார்ட், கன்டின்யூ, லைக், லவ், ஹேட் ஆகியவற்றில் எதைப் போட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை, இவற்றுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'வுட் லைக்' என்றால் மட்டும் 'டு'தான், இனி நடக்க வேண்டியதைக் கேட்பதால். 'இட் இஸ் பிகினிங் டு ரெய்ன்' என்பதில் இரண்டு 'இங்' அடுத்தடுத்து வருவதைத் தவிர்க்க 'டு' போடுவார்கள்.

டன், ரிட்டன் போன்ற வினையின் மூன்றாவது வடிவத்தை, இறந்தகாலப் பார்ட்டிசிபிளை, விட்டுவிட்டேன். 'ஐ கட் மை ஹேர்' என்று ஒருவர் சொன்னால், ஆங்கிலம் கேட்பவர் அவரே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டார் என்று நினைப்பார். நாம் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். வெட்டியது வேறொருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் அதைத் திறந்து சொல்லச் சொல்கிறது: 'ஐ ஹேட் மை ஹேர் கட்'. வீடு கட்டினேன், சட்டை தைத்தேன், வண்டியை சர்வீஸ் செய்தேன் என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஹேவ் அல்லது கெட், அப்புறம் பொருள், அப்புறம் இறந்தகாலப் பார்ட்டிசிபிள். செய்தவரைக் குறிப்பிட்டால் அமைப்பு மாறும்: 'ஹேட் ஹிம் ரிப்பேர் இட்', 'காட் ஹிம் டு ரிப்பேர் இட்'. ஹேவ் மேக்கின் கூட்டாளி, 'டு' வேண்டாம். கெட்டுக்கு வேண்டும்.

நீட் என்ற சொல்லில் ஆங்கிலம் நம் பக்கம் வருகிறது. 'த டோர் நீட்ஸ் பெயின்ட்டிங்' என்பார்கள். கதவு பெயின்ட் அடிக்கப் போவதில்லை, கதவுக்குத்தான் அடிக்க வேண்டும். ஆனாலும் வடிவம் செய்வினையாகவே நிற்கிறது. நாமும் 'கதவுக்கு பெயின்ட் அடிக்க வேண்டும்' என்றுதான் சொல்கிறோம், 'அடிக்கப்பட வேண்டும்' என்று யாரும் சொல்வதில்லை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் 'நீட்ஸ் பெயின்டட்' என்பது இயல்பான வழக்கு. கேட்டால் தவறு என்று திருத்தப் போய்விடாதீர்கள்.

இதையெல்லாம் எங்கே போய்ச் சரிபார்ப்பது? அகராதியில். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆசிரியர், தன்னிடம் படித்தவர்கள் தடுமாறுவது சொல்லின் பொருளில் இல்லை, சொல்லுக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்பதில்தான் என்று கண்டார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அவரது அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் அதன் பின்வரும் அமைப்பைக் குறித்து வைத்தார். 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபடி அச்சிட்டது; இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதி அதன் வழியில் வந்தது. இந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிற எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். இந்த வகை அகராதியில் ஒரு வினையைத் தேடினால், பொருளுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'டு டூ' என்றோ 'டூயிங்' என்றோ போட்டிருக்கும். பலர் அதைத் தாண்டிப் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த முறை ரிக்ரெட்டையோ ட்ரையையோ எடுத்து, அந்தச் சிறிய எழுத்தை முதலில் படியுங்கள். பிறகு கீழே உள்ள உதாரண வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'செய்ய' வருகிறதா, 'செய்ததை' வருகிறதா, 'செய்து' வருகிறதா என்று கேளுங்கள். அகராதியும் காதும் ஒத்துப்போனால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம், அது உங்களுடையது. ஒத்துப்போகாத சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு அந்தத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை.